சோக் இழுத்தால் மட்டும் சீராக ஓடும் இன்ஜின்

புது பிளக் போட்டும் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது) மிஸ்ஸிங் (விட்டுவிட்டு எரிவது) வருகிறது, திடீரென்று தொடங்கியது, வேகத்தில் நன்றாக ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளக்கை மறுபடி மாற்ற வேண்டாம். சோக்கை (கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் லீவர்) பாதி இழுத்ததும் மிஸ்ஸிங் நின்று ஐடிலிங் சீராகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் தீப்பொறியில் இல்லை. காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைகிறது. வேகத்தில் நன்றாக ஓடுவதால் வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டை விட்டுவிடலாம். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கும் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கும். திடீரென்று வந்ததால் என் சந்தேகம் பைலட் ஜெட் மேல்தான்.

ஆனாலும் ரப்பரை முதலில் பாருங்கள், எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஐடிலிங்கில் விட்டு, ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கே. (சிலர் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.)

மாறவில்லையென்றால்:

1. பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

2. பைலட் ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பியால் குத்தாதீர்கள், துளை அரை மி.மீ. கூட இராது, அகலமாகிவிட்டால் ஜெட்டையே மாற்ற வேண்டும்.

சோக் இழுத்தும் சில நேரம் மிஸ் ஆனால், குறிப்பாக ஈரத்தில், இதெல்லாம் பொருந்தாது. அப்போது பிளக் கேப்பையும் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ஒயரையும் பாருங்கள்.