அங்கே இருபது பேர், வீட்டில் மூவர்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வயது 36. நகரிலுள்ள தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மனைவி பாடசாலை ஆசிரியை. மகள் தரம் நான்கில் படிக்கிறாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த என் அம்மாவும் எங்களுடன்தான் இருக்கிறார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையை விட்டு, ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனிவீட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, கடனும் இல்லை. ஆகையால் என் பிரச்சினையை யாரிடம் சொன்னாலும் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்றுதான் கேட்கிறார்கள்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில், உலகெங்கும் உள்ளவர்கள் ஒன்றுகூடி விளையாடும் ஓர் இணைய விளையாட்டு எனக்கு அறிமுகமானது. மந்திரவாதிகளும் அரக்கர்களும் டிராகன்களும் நிறைந்த கற்பனை உலகம் அது. அதில் நாம் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, லெவல் லெவலாக உயர்த்தி, ஆயுதமும் கவசமும் சேர்க்க வேண்டும். நான் சேர்ந்துள்ள கில்டில், அதாவது ஆட்டக் குழுவில், இருபது பேர் ஒரே நேரத்தில் இறங்கி ரெய்ட் எனும் கூட்டுத் தாக்குதல் செய்வோம். அதில் நான் டேங்க். பாஸ் எனும் பெரிய எதிரியின் அடியைத் தாங்கி நிற்பவன் நான்தான். நான் வராவிட்டால் மற்றப் பத்தொன்பது பேரின் இரவும் வீணாகும். கில்டில் பெரும்பாலானோர் ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இரவு எட்டு மணி என்பது நமக்குக் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. செவ்வாய், வியாழன், ஞாயிறு என வாரம் மூன்று இரவுகள், ஒவ்வொன்றும் மூன்று மணிநேரம். நைட் டேட்டா இருப்பதால் ரீலோட் செலவு அதிகமில்லை.

குடும்பத்தார் உறங்கிய பிறகுதானே விளையாடுகிறேன், இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ரெய்டுக்குத் தேவையான மருந்து, மூலிகை, தங்கம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்தாக வேண்டும். குவெஸ்ட் எனும் அன்றாடப் பணிகளும் உண்டு. வேலைவிட்டு வந்து தேநீர் குடித்ததும், ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அதற்கே போய்விடுகிறது. மகள் கணக்குக் கொப்பியோடு கதவருகில் வந்து நிற்பாள். நான் விசைப்பலகையைத் தட்டும் வேகத்தைக் கேட்டே, இப்போது பேசலாமா கூடாதா என்று அவள் கணிக்கப் பழகிவிட்டாள். வேகம் குறைந்ததும், "அப்பா, பாஸ் செத்தாச்சா?" என்பாள். ஒருநாள் நான் திரும்பிப் பார்த்தபோது கதவில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கியிருந்தாள். மடியில் கொப்பி. பென்சில் என் நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடந்தது.

கடந்த மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. தேர் லயத்துக்கு லயம் நின்று நின்று போகும், விடியற்காலை வரை நீளும். மகள் முதன்முறையாகக் கும்மியில் ஆடவிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று வாரமாக நாங்கள் மோதிவந்த கடைசி பாஸ் அன்று விழும் நிலையில் இருந்தது. "தலைவலி" என்று சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். பாஸும் விழுந்தது. மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் காட்டிய வீடியோவில்தான் என் மகள் ஆடுவதைப் பார்த்தேன். மனைவி சண்டை போடவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "அங்க இருபது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. இங்க நாங்க மூணு பேர்தானே."

விளையாட்டை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். 2022 மின்வெட்டுக் காலத்தில் ஒரு மாதம் விலகியிருக்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது என் இடத்தில் வேறொருவர் நின்றார். மீண்டும் அந்த இடத்தைப் பிடிக்க மூன்று மாதங்கள் ஆயின. ஐந்து வருட உழைப்பைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. இது நோயா அம்மா? இரண்டையும் ஒன்றாக நடத்திச் செல்ல வழி இருக்கிறதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பின், டேங்க் என்றால் என்ன, ரெய்ட் என்றால் என்ன என்பதை என் அக்காவின் மகனை அழைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அரைமணி நேரம் உற்சாகமாக விளக்கினான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டு நாளாகிறது. நீங்கள் செய்வது சிறுபிள்ளை விளையாட்டன்று என்பது எனக்குப் புரிந்தது. முகம் பாராத பத்தொன்பது பேருடன் ஒத்திசைந்து, பதற்றமில்லாமல் முன்னால் நிற்பதற்குப் பொறுமையும் பொறுப்புணர்வும் வேண்டும். ஆகவே உங்களைக் குறைத்து எண்ணி இதை எழுதவில்லை. தலைவலி என்று சொன்ன அந்தப் பொய்யை மட்டும் நான் சிறிதாக எண்ணமாட்டேன். அதைக் கடைசியில் பேசுவோம்.

முதலில் நோயா என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் 'விளையாட்டுக் கோளாறு' என்பது இடம்பெற்றுள்ளது. எவ்வளவு நேரம், எப்போது என்ற கட்டுப்பாடு கைநழுவுதல், மற்ற ஈடுபாடுகளையும் அன்றாடக் கடமைகளையும் பின்தள்ளி விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தல், பாதிப்புத் தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களேனும் நீடித்து, குடும்பத்தையோ தொழிலையோ கடுமையாகச் சீர்குலைக்கும்போதுதான் அந்தப் பெயர் பொருந்தும். ஒரு கடிதத்தைக் கொண்டு அதை நானோ வேறெவருமோ தீர்மானிக்க முடியாது. ஆயினும் நீங்கள் வேலையைக் கைவிடவில்லை. மின்வெட்டின்போது ஒரு மாதம் விலகி இருந்தீர்கள். இப்போது நீங்களாகவே வழி கேட்கிறீர்கள். மூன்றாவது அம்சத்தைப் பற்றித்தான் நீங்கள் உங்களிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே நான் சொல்லும் ஒழுங்கை ஆறு வாரம் முயன்றும் கடைப்பிடிக்க இயலவில்லையென்றால், தயங்காமல் அரச வைத்தியசாலையொன்றின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணுக்கும் அழைக்கலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம், நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் அல்லவா? நள்ளிரவு ரெய்ட் வாரத்துக்கு ஒன்பது மணிநேரம். மாலை ஏழு முதல் ஒன்பது வரை மூலிகை சேர்ப்பது, வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தாலும் பத்து மணிநேரம். நீங்கள் ரெய்டைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். குடும்பத்தை அரித்திருப்பது அந்தப் பத்து மணிநேரமே. ஏனென்றால் அது மகள் விழித்திருக்கும் நேரம், மனைவி வேலையால் வந்து மீண்டும் அடுப்படியில் நிற்கும் நேரம், உங்கள் அம்மா யாரேனும் இரண்டு வார்த்தை பேசமாட்டார்களா என்று காத்திருக்கும் நேரம். உங்களுக்கோ அது விளையாட்டின் மிகச் சலிப்பான பகுதி. மிகக் குறைந்த இன்பத்துக்காக மிக விலையுயர்ந்த நேரத்தைக் கொடுத்து வந்திருக்கிறீர்கள்.

அந்தச் சலிப்பான பகுதியை ஏன் விட முடிவதில்லை என்பதற்குக் காரணம் உங்கள் மனபலவீனம் மட்டுமல்ல. நாள்தோறும் நுழைந்தால் ஒரு பரிசு, வாரத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படும் வாய்ப்பு, எந்த அடியில் நல்ல பொருள் கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாத லூட் (எதிரியை வீழ்த்தினால் கிடைக்கும் பொருள்) என்று எல்லாமே, வராத நாளை இழந்த நாளாக உணரும்படி அமைக்கப்பட்டவை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதிக்காகவே உயிர்கள் சலிக்காமல் முயலும் என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் கடந்த நூற்றாண்டிலேயே பரிசோதனைகளில் காட்டினார். அக்காவின் மகன் இன்னொரு கதையும் சொன்னான். 2004இல் வெளிவந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாட்டின் சோதனைக் காலத்தில், நெடுநேரம் விளையாடுவோருக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளைப் பாதியாகக் குறைத்தார்களாம். எல்லோரும் அதைத் தண்டனையென்று வெறுத்தனர். பின்னர் அதையே திருப்பி, ஓய்வெடுத்து வருவோருக்கு இரட்டிப்பாகக் கொடுப்பதாக மாற்றியதும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இழப்பு என்று சொன்னால் நம் மனம் எவ்வளவு துடிக்கிறது பாருங்கள். உங்கள் மாலை நேரமும் அந்தத் துடிப்பில்தான் கரைகிறது.

ஐந்து வருட உழைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வகை விளையாட்டுகளில் புதிய பகுதியொன்று வெளியானதும், பழைய ரெய்டில் பாடுபட்டுப் பெற்ற கவசத்தை விடச் சிறந்தது சாதாரண குவெஸ்டிலேயே கிடைத்துவிடுகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களிடம் தங்குவது உங்கள் திறமையும், அங்கே கிடைத்த நட்பும்தான். அவை ஒரு மாத விலகலில் அழிந்துவிடுவதில்லை. மின்வெட்டின் கதையை நீங்கள் தோல்வியாகச் சொல்கிறீர்கள். நான் அதை வேறு விதமாகப் படித்தேன். நீங்கள் இல்லாதபோது கில்ட் கலையவில்லை, இன்னொருவர் அடியைத் தாங்கினார். அந்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதை மட்டும் நீங்கள் எழுதவேயில்லை. மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நினைவிருக்கும்.

உங்கள் மனைவி சொன்ன வார்த்தையைப் பலமுறை வாசித்தேன். அதில் பொறாமை இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. அந்த இருபது பேருக்கும் நீங்கள் நாளும் நேரமும் குறித்து வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வராவிட்டால் முன்கூட்டியே அறிவிக்கிறீர்கள், மன்னிப்புக் கேட்கிறீர்கள். வீட்டிலுள்ள மூவருக்கு அப்படியொரு நேரத்தை நீங்கள் ஒருபோதும் குறித்துக் கொடுத்ததில்லை. மிஞ்சியது அவர்களுக்கு. ஆகவே விளையாட்டை விடும்படி நான் சொல்லவில்லை. கில்டுக்கு எவ்வளவு கண்டிப்பான நேரம் உண்டோ, அதே கண்டிப்பு வீட்டுக்கும் வேண்டும் என்கிறேன்.

நடைமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். ஏழு மணி முதல் மகள் உறங்கும்வரை கணினி மூடியிருக்கட்டும், அன்றாட குவெஸ்டுகளை அடியோடு விட்டுவிடுங்கள். ரெய்டுக்கு வேண்டிய மருந்தை, சேர்த்து வைத்திருக்கும் தங்கத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அக்காவின் மகன் சொல்கிறான். ஞாயிறு இரவை முதலில் கைவிடுங்கள். மூன்று மணிநேரத் தூக்கத்தோடு திங்கட்கிழமை வேலைக்குப் போகும் மனிதரிடம் அந்த வாரம் முழுவதும் வீடு பட்டபாட்டை நீங்கள் எழுதாவிட்டாலும் நான் ஊகிக்க முடிகிறது. கில்டின் பொறுப்பாளரிடம், இன்னொருவரை டேங்க் நிலைக்குப் பழக்கித் தருவதாகச் சொல்லி, வாரத்துக்கு ஓர் இரவு மட்டும் நிலையாகவும் மற்றொன்றில் மாற்று ஆளாகவும் இருக்கச் சம்மதம் கேளுங்கள். அதற்கு அவர்கள் இணங்காவிட்டால், சிங்கப்பூர் நேரத்தைப் பின்பற்றும் குழுக்களையும் விசாரிக்கலாம். அவர்கள் நம்மைவிட இரண்டரை மணிநேரம் முன்னால் இருப்பதால், அங்கு இரவு பன்னிரண்டுக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு ஒன்பதரைதான். நள்ளிரவில் தொடங்குவோர் குறைவாகவே இருப்பார்கள் என்றாலும், வார இறுதியில் தேடிப் பார்ப்பதில் தவறில்லை.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வரி. முப்பது ஆண்டு விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போனவரின் உடம்பு இன்றும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். உங்கள் அறைக்கதவின் கீழே கசியும் வெளிச்சத்தை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். எல்லோரும் உறங்கிய பிறகு என்று நீங்கள் எழுதியது முழு உண்மையாக இருக்க முடியாது.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். உங்கள் கடிதத்தில் உங்கள் பொழுதுபோக்கு இருக்கிறது, மகளின் கும்மி இருக்கிறது. உங்கள் மனைவி தமக்காகச் செலவிடும் நேரம் எது என்பதைத் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. பாடசாலை, சமையல், மாமியாரின் பராமரிப்பு, மகளின் படிப்பு எல்லாம் ஒருவர் தலையில் இருக்கும் வீட்டில், வாரத்துக்கு ஒன்பது மணிநேர விளையாட்டு என்பது வெறும் ஒன்பது மணிநேரம் அல்ல. புதன்கிழமை மாலையை அவருக்குக் கொடுங்கள். அவர் தோழி வீட்டுக்குப் போவாரோ, கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவாரோ, அது அவர் விருப்பம். அன்று சமையலும் கணக்குக் கொப்பியும் உங்கள் பொறுப்பு. இதை அவருக்குச் செய்யும் உதவியாக அறிவிக்காதீர்கள். ஆசிரியைகளுக்கு அந்தத் தொனி உடனே பிடிபட்டுவிடும்.

தலைவலிக்கு வருகிறேன். மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக: "அன்றைக்கு எனக்குத் தலைவலி இல்லை. விளையாடத்தான் வந்தேன். அது தப்பு." அதற்குமேல் விளக்கம் வேண்டாம், பரிசுப்பொருளும் வேண்டாம். அவள் அழுதால் அழட்டும், கோபித்தால் கோபிக்கட்டும். பிறகு அந்த வீடியோவை உங்கள் கைபேசியில் வாங்கி, இரவு ஏழு மணிக்கு அவளை அருகில் அமர்த்திப் பாருங்கள். யார் வரிசையில் முன்னால் நின்றது, எந்த இடத்தில் கால் பிசகியது, யார் சிரித்தது என்று அவள் சொல்லச் சொல்லக் கேளுங்கள். பாதியில் நிறுத்தித் திரும்பப் போடச் சொல்வாள். போடுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்