கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணைப் பேழையருகே அணையா விளக்கு எதற்கு? அதன் முன் முழந்தாளிடுவது ஏன்?

பலர் நினைப்பதுபோல் முழந்தாளிடுவது விளக்குக்காகவோ பீடத்துக்காகவோ அன்று; பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கும் நற்கருணையில், அதாவது திருப்பலி என்னும் வழிபாட்டில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தில், கிறிஸ்து உண்மையாகவே பிரசன்னமாயிருக்கிறார் என்ற விசுவாசத்தினால்தான். அந்தப் பிரசன்னத்தைச் சுட்டிக்காட்டவும் மகிமைப்படுத்தவும் தனி விளக்கு ஒன்று இடைவிடாமல் எரிய வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 940-ஆம் பிரிவு கூறுகிறது. எண்ணெயோ மெழுகோதான் மரபான எரிபொருள். சிவப்புக் கண்ணாடி வெறும் வழக்கமே, விதியன்று.

விளக்கைப் பேணும் கோயில்பிள்ளை கவனிக்க வேண்டியது, பழைய மெழுகுவர்த்தி அடியில் தேங்கிய மெழுகில் மூழ்கி அணைவதற்கு முன்பே அதன் சுடரிலிருந்து புதியதை ஏற்றிவிடுவதுதான். கண்ணாடியின் உள்விளிம்பில் படியும் கரியை, சூடு ஆறிய பிறகே துடைக்க வேண்டும். சூட்டோடு ஈரத்துணி பட்டால் விரிசல் விழும்.

பேழையைக் கடக்கும்போது வலது முழங்கால் தரையில் படும்படி வணங்குவது உரோமை வழிபாட்டு முறை. இந்திய ஆயர்களின் கோரிக்கையை ஏற்று உரோமை 1969-இல் அனுமதித்த தழுவல்களின்படி, கைகூப்பி ஆழ்ந்து தலைவணங்குவதும் இங்கே முறையானதே. முழங்கால் வலியுள்ள முதியவர்கள் இதனால் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. அவசரத்தில் அரைகுறையாகக் காலை மடக்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

பெரிய வியாழன் இரவுத் திருப்பலிக்குப் பின், நற்கருணை வேறிடத்துக்கு மாற்றப்படுவதால், பேழை வெறுமையாகத் திறந்து கிடக்கும். அப்போது விளக்கும் எரியாது. பெரிய வெள்ளியன்று ஆராதிக்கப்பட்ட சிலுவைக்கோ பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவு வழிபாடு) வரை முழந்தாளிடுவது உண்டு.