ரியூனியன் தீவின் மலைக்காட்டில் விலங்குகளைப் பார்க்க முடியுமா? குடும்பத்தோடு போகலாமா?

முதுமலை, தேக்கடி மாதிரி மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் போலிருக்கிறது. யானை, புலி, குரங்கு எதுவும் கிடையாது. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, கடலடியிலிருந்து எரிமலை கக்கி வளர்ந்த தீவு அது, எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. பறந்தோ மிதந்தோ வந்தவைதான் அங்கே குடியேறின. சொந்தப் பாலூட்டி என்றால் வௌவால்தான். பெரிய ஆமைகள் இருந்தன, மனிதன் போய்த் தின்றே தீர்த்துவிட்டான்.

இதைச் சொன்னால் "அப்புறம் எதுக்குய்யா அவ்வளவு செலவு?" என்கிறார்கள். என் மச்சானும் அதையேதான் கேட்டார், அதுவும் காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு. அதனால்தான் இந்தப் பதில்.

நான் புதுச்சேரிக்காரன், இப்போது பாரிஸ் பக்கம். பதினோரு மணி நேர விமானம், ஆனால் உள்நாட்டுப் பயணம்தான், அது பிரான்ஸின் ஒரு மாவட்டம். தீவில் ஏறக்குறைய 42 சதவீதம் தேசியப் பூங்காவின் மையப்பகுதி, 2010-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. நாங்கள் போனது பெலூவ் காடு. அங்கிருந்து ட்ரூ த ஃபேர் என்ற பள்ளத்தாக்கை எட்டிப்பார்க்க ஒரு பாதை இருக்கிறது, பல நூறு மீட்டர் ஆழத்துக்கு அருவிகள் விழும் இடம். போக வர நான்கு மணி நேரம் வையுங்கள். சில இடத்தில் பலகை போட்டிருக்கிறார்கள், மற்ற இடமெல்லாம் கணுக்கால் வரை சகதி.

காலை ஆறு மணிக்கே கிளம்பலாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். மச்சானுக்குக் காபி, குளியல், கைப்பேசி சார்ஜ், அது முடியவே எட்டரை. அங்கே மேகம் பத்து மணிக்கெல்லாம் மலையேறி வந்துவிடும். நாங்கள் பார்வைமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. அருவியின் சத்தம் மட்டும் கீழேயிருந்து வருகிறது. மச்சான் அப்போதுதான் அந்தச் செலவுக் கேள்வியைக் கேட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது திரும்பி வந்த வழியைப் பற்றி. தமரின் என்று அங்கே ஒரு மரம். பெயரைக் கேட்டுப் புளியமரமோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன், இல்லை, வேல மர இனம். புயலில் சாய்ந்து, சாய்ந்த வாக்கிலேயே மறுபடி மேலே வளர்ந்து, உடம்பெல்லாம் பாசி. இதன் நெருங்கிய சொந்தம் ஹவாய்த் தீவில், உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறதாம். தென்னை உயரத்துக்குப் பெரணிச் செடிகள் வேறு. மழையே இல்லை, ஆனாலும் இலைகளெல்லாம் சொட்டுகின்றன. அந்த ஈரத்தில் ஒரு சின்னக் குருவி, தெக்-தெக் என்பார்கள், அது கத்துவதே அப்படித்தான். பாதையில் எங்களுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தத்திக்கொண்டே வந்தது. நாம் நடக்கும்போது கிளம்பும் பூச்சிக்காகத்தான் வருகிறது என்று தெரியும், இருந்தாலும் வழிகாட்டி மாதிரியே இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை, என் செருப்பு நீளத்துக்கு அப்பால். புலி பார்த்திருந்தால்கூட இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருப்பேனா?

"ஒரு வாரம் போய்வந்துவிட்டுப் பெரிய நிபுணன் மாதிரி பேசுகிறான்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதுங்கள். லா ரோஷ் எக்ரித் மலைப் பக்கம் மட்டுமே வாழும் தூய்-தூய் பறவையை நான் பார்க்கவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். எரிமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் விளிம்பில் பா த பெல்கோம்ப் முனையிலிருந்து பார்ப்பதே போதும், முகடு வரை நடந்து திரும்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும். குமுறும் நாட்களில் உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன நம்மவர்களின் வழியில் வந்தவர்களும் நிறைய இருக்கும் ஊர், முருங்கைக்கீரையை இன்னும் 'ப்ரேத் மூரூம்' என்றே சமைக்கிறார்கள்.

மழைக்கோட்டு ஆளுக்கொன்று கட்டாயம். மச்சான் கொண்டுவரவில்லை, என்னுடையதைக் கொடுத்துவிட்டு நான் நனைந்தேன். அதை அவர் துவைத்துத் தருகிறேன் என்று எடுத்துப்போனார். போன தீபாவளிக்குத்தான் திரும்ப வந்தது, ஜிப் இல்லாமல்.