வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் அப்பாவைக் கைவிட்டதாகுமா?

நாள்பட்ட நுரையீரல் நோய் முற்றிய அப்பாவுக்கு அடுத்த முறை மூச்சு முட்டினால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொன்னால், நாமே கொன்றதாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம் என்பது வேறு, சிகிச்சையே வேண்டாம் என்பது வேறு. மருந்து, ஆக்ஸிஜன், மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் பைபேப் எல்லாம் தொடரலாம். கேஸ் ஷீட்டில் இவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

குழாய் போட்டால் பேச முடியாது, பெரும்பாலும் மயக்கத்திலேயே வைப்பார்கள். நுரையீரல் தேறாவிட்டால் அதை எடுப்பதும் கஷ்டம். டாக்டரிடம் “சரியாகிவிடுமா” என்று கேட்காதீர்கள். “குழாயை எடுத்து, எழுந்து உட்கார்ந்து பேசும் நிலைக்கு வருவாரா” என்று கேளுங்கள். சில நாள் போட்டுப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்தலாமா, உங்கள் ஊர்ச் சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

என் அம்மாவுக்கு அந்த பைபேப் மாஸ்க் அழுத்தி மூக்குத்தண்டே புண்ணாகிவிட்டது. கையால் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசி இரண்டு நாள் அதைக் கழற்றிவிட்டு, கொஞ்சமாக மார்ஃபின் கொடுத்தார்கள். முகத்துக்கு நேராகச் சின்ன ஃபேன் வைத்தோம். திணறல் அடங்கியது.

அப்புறம், அப்பா தெளிவாக இருக்கும்போதே அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை.