ஐப்பசியில் வீடு தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு இருபத்தாறு வயது. சேரன்மகாதேவிக்கு அருகே ஒரு கிராமம், அப்பா விவசாயி. மூன்றாண்டுகள் கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு, அடுத்த மாதம் சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேரவிருக்கிறேன். தை மாதம் எனக்குத் திருமணம். வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, திருவான்மியூர், தாம்பரம் ஆகிய ஆறு இடங்களை வாடகை, அலுவலகத் தொலைவு, கடைகள், மருத்துவமனை, இணையத்தில் மக்கள் தந்திருக்கும் நட்சத்திரங்கள் என எக்செல் அட்டவணை போட்டு ஒப்பிட்டேன். பள்ளிக்கரணையில் ஒரு புதிய அடுக்ககத்தின் தரைத்தள வீடு முதலிடத்தில் வருகிறது. ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்கிறார் அம்மா. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். இது சட்டப்படி சரியா? டீசன்டான ஆட்கள் இருக்கும் ஏரியாவாகப் பார், ஹவுசிங் போர்டு பக்கம் போகாதே என்று நண்பர்களும் சொல்கிறார்கள். நீங்கள் சென்னையில் பல இடங்களில் குடியிருந்தவர் என்பதால் கேட்கிறேன். நான் எங்கே வீடு பார்க்கலாம்?

ரா.

அன்புள்ள ரா.,

சென்ற வாரம் ஒரு துக்கத்துக்காக வேளச்சேரிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது, முன்பு நான் குடியிருந்த தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை வரிசையாக உடைத்து, உடைத்த இடங்களில் ஜாக்கிகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகத் திருகி, முழு வீட்டையும் மூன்று நான்கு அடி உயர்த்திவிட்டு, இடைவெளியைச் செங்கல்லால் கட்டி அடைக்கிறார்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மனிதர். எதிர்த் திண்ணையில் அமர்ந்து, அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய சாலையைப் போட்டுப் போட்டு, அவர் வீடு தெருவுக்குக் கீழே போய்விட்டது. அன்றிரவு உங்கள் கடிதம் வந்தது. அந்தக் காட்சியைப் பார்க்காமலிருந்தால் நான்கு வரியில் பதில் எழுதியிருப்பேன்.

முன்பணக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குடியிருப்புக்குப் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; பேசிக் குறையுங்கள். அலுவலகத் தொலைவு, நட்சத்திரங்கள், அடுக்ககத்தின் நீச்சல் குளம் ஆகியவற்றைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை.

ஆனால் ‘டீசன்டான ஆட்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு ஏற்புடையதாக இல்லையென்றால் கடிதம் வரை வந்திருக்காது. கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் உள்ள வாரியக் குடியிருப்புகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர், நகரத்துக்குள் ஆற்றங்கரைகளிலும் கால்வாயோரங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்து, அங்கிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் உங்களைப் போல ஆறு இடங்களை ஒப்பிட்டு அட்டவணை போடவில்லை. எவரும் அவர்களிடம் விருப்பம் கேட்கவும் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் இடம் காட்டினார்கள், வந்தார்கள். அதே சதுப்பின் விளிம்புக்கு நீங்கள் பணம் கொடுத்து, முதலிடம் என்று மதிப்பெண்ணும் கொடுத்து வரப்போகிறீர்கள். இன்னொன்றும் கேளுங்கள். நீங்கள் வீடு தேடும்போது, ‘பூர்வீகம் எங்கே?’, ‘திருநெல்வேலியில் எந்தப் பக்கம்?’, ‘வீட்டில் கவிச்சி சமைப்பீர்களா?’ என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் கேள்விகள் எதை அறிவதற்காகக் கேட்கப்படுகின்றன என்பது உங்களுக்கே தெரியும். அந்த வீட்டுக்காரரும் டீசன்டான ஆட்களைத்தான் தேடுகிறார். அந்தச் சொல்லை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். இத்தனை பத்திகள் போட்ட நீங்கள், மழைத் தண்ணீர் எங்கே நிற்கும், எந்த வழியாக வடியும் என்று ஒரு பத்தி போடவில்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை இதை மறந்துவிட்டது என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உங்கள் ஊரில் குளத்துக்குள்ளே எவராவது வீடு கட்டிக் குடியேறச் சொன்னால், சொன்னவருடைய புத்தியைச் சந்தேகிப்பீர்கள். அதே காரியத்தை ஒரு கட்டுநர் ஆங்கிலப் பெயர் வைத்துச் செய்தால் அதற்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிடுகிறீர்கள்.

இப்படித் திட்டுகிறவன் யோக்கியன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2005ஆம் ஆண்டு வைகாசியில், திருமணமான புதிதில், வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிபோனேன். இரண்டு படுக்கையறை, வாடகை 4,500 ரூபாய், முன்பணம் 45,000. வேலை கிண்டியில் என்பதால் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைத்தேன். மகனின் புதுக்குடித்தனத்தைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் ஒரு மூட்டை அரிசியோடு ஊரிலிருந்து வந்தார்கள். அம்மா நேராக அடுக்களைக்குப் போனாள். அப்பா வாசலிலேயே நின்று, எதிரில் இருந்த காலி மனையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோரையால்லா கெடக்கு. மறுகால் எங்கனகூடிப் போவுது?” என்றார். கோரை, தண்ணீர் தேங்கும் இடத்தில் முளைக்கும் புல்; மறுகால், குளம் நிறைந்து மிஞ்சும் நீர் வெளியேறும் வழி.

“அப்பா, இது மெட்ராஸ். இங்கே மறுகாலெல்லாம் கிடையாது” என்றேன். என் மனைவியின் முன்னால் அவர் பட்டிக்காட்டுத்தனமாக எதையோ கேட்டுவிட்டதாக எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அந்த நேரத்தில் வந்த வீட்டுக்காரரோ, முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், தண்ணீர் வந்ததே இல்லை என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வீட்டுக்கு அப்போது ஆறு வயதுதான் ஆகியிருந்தது.

அக்டோபர் கடைசி வாரத்தில் மழை பிடித்தது. வெள்ளம் என்றால் வாசல் வழியாக வரும் என்று எண்ணி, வாசற்படியில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுப் படுத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குள் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் அந்த வழியாக வந்துகொண்டிருந்தது. விடிவதற்குள் இடுப்பளவு ஆகிவிட்டது. குளிர்ப்பதனப் பெட்டி மல்லாந்து மிதக்க, எரிவாயு உருளை ஒவ்வொரு சுவராகப் போய் முட்டிக்கொண்டிருக்க, புத்தக அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகளும் கூழாகிப் போயின. மாடியில் குடியிருந்த குடும்பம், அதுவரை நாங்கள் வணக்கம்கூடச் சொல்லியிராத குடும்பம், மூன்று நாள் எங்களுக்குச் சோறு போட்டது. வீட்டைக் காலி செய்தபோது, வெள்ளம் பாழாக்கிய சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவை வீட்டுக்காரர் என் முன்பணத்தில்தான் கழித்துக்கொண்டார். தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியதும் ஊருக்குப் பேசினேன். கோரையைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அரிசி நனஞ்சிட்டா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் பார்சல் சர்வீஸில் இன்னொரு மூட்டை வந்தது.

அதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஏரியிடம் தப்பித்தோம் என்று மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிவீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சி, மறுநாள் தெருமுனைப் பலகையைப் படித்தால், அது லேக் வியூ ரோடு. ஏரியும் இல்லை, காட்சியும் இல்லை, பெயர் மட்டும் மிச்சமிருந்தது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, தியாகராயர் பெயரில் ஒரு நகரை உருவாக்கினார்கள். 2021 நவம்பரில் அந்தத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ஏறத்தாழ நூறாண்டு ஆகியும் தண்ணீருக்குத் தன் இடம் மறக்கவில்லை. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நின்றுகொண்டிருப்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். பழவந்தாங்கல் என்று ரயில் நிலையப் பெயரைப் படிக்கும் எவரும் வேடந்தாங்கலை நினைப்பதில்லை. இரண்டிலும் இருக்கும் ‘தாங்கல்’ சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். உங்கள் ஊரில் மறுகால் என்பதை இந்தப் பக்கத்தில் கலங்கல் என்பார்கள். சொல் வேறாக இருந்ததால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

நீங்கள் குறித்திருக்கும் இடங்களில் நான்கு, அதாவது வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, ஒரே சதுப்பைச் சுற்றி அமைந்தவை. தென்சென்னையின் புறநகர் ஏரிகள் ஒன்று நிரம்பி மற்றொன்றுக்குக் கொடுத்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அதன் வழியே முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கும் நீர் போக வேண்டும். உங்கள் அலுவலகம் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலை அந்த வழிக்குக் குறுக்கே ஓடுகிறது. சதுப்பின் பெரும்பகுதியை வீடுகளும் சாலைகளும் குப்பைக் கிடங்கும் தின்றுவிட்டன. மிஞ்சியதை 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பகுதித் தெருக்களில் படகு ஓடியது. அங்கே இருக்கும் எல்லாத் தெருவும் மூழ்கும் என்று சொல்லமாட்டேன். ஒரே ஊருக்குள் ஏரிக்கரை மேட்டில் இருக்கும் பழைய கிராமத்தெரு உலர்ந்திருக்கும், நூறு மீட்டர் தள்ளிப் புதிதாக மனை பிரித்த நகர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். பழைய கோயிலும் பழைய தெருவும் எங்கே இருக்கின்றனவோ அங்கே முன்னோர் மேடு பார்த்துத்தான் குடியேறியிருப்பார்கள். உங்கள் அட்டவணையோ இரண்டுக்கும் ஒரே அஞ்சல் குறியீட்டைப் போட்டு ஒரே மதிப்பெண் தருகிறது.

இந்த நகரத்தில் பெரும்பாலோர் பள்ளிக்கூட விடுமுறையை ஒட்டிச் சித்திரை, வைகாசியில் வீடு மாறுகிறார்கள். அந்த மாதங்களில் எந்தத் தெருவும் நல்ல தெருதான். தரகர் சொல்வதெல்லாம் உண்மைதான். நீங்களும் ஆடிக்கு முன் என்று அவசரப்படுகிறீர்கள். வேண்டாம். ஆடி போகட்டும், ஆவணியும் புரட்டாசியும் போகட்டும். தைக்கு முன் உங்களுக்குத் தனி வீடு எதற்கு? அலுவலகத்துக்கு அருகே இரண்டு பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு இருங்கள். ஐப்பசியில், தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்த மறுநாள், குடையை எடுத்துக்கொண்டு வீடு தேடப் போங்கள். காரில் போகாதீர்கள், நடந்து போங்கள். பழைய வீடுகளில் எத்தனை படிகள் வெளியே தெரிகின்றன என்று பாருங்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தால் அந்தத் தெருவை விட்டு வந்துவிடுங்கள். சுற்றுச்சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சுவரைக் கீழ்ப்பகுதி மட்டும் தனியாக வெள்ளையடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் அல்ல, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். அவருக்கு வீட்டை விற்கவும் வேண்டாம், வாடகைக்கு விடவும் வேண்டாம்.

கோடையைப் பற்றியும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மூழ்கும் தெருக்களில் பலவற்றில்தான் சித்திரையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பார்கள் என்பது இந்த நகரத்தின் விசித்திரம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாரத்தில் எத்தனை லாரி, கிணற்றுத் தண்ணீர் உப்பா, பருப்பு வேகுமா என்பது அந்தத் தெருவில் துணி தேய்ப்பவருக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் தெரிந்த அளவுக்கு உங்கள் நட்சத்திரங்களுக்குத் தெரியாது.

எங்கே வீடு பார்க்கலாம் என்பதுதான் உங்கள் கேள்வி. அதை மறந்தே போனேன். உங்கள் ஆறில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் திருவான்மியூரைச் சொல்வேன், அதிலும் கடற்கரையை ஒட்டிய பக்கம். அங்கிருந்து கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று தெற்கே நீளும் நிலம் மணல்மேடு. மணல் மழையைக் குடித்துவிடும். வாடகை கூடுதல்தான்; உங்கள் அட்டவணையில் அது கடைசிக்கு முந்தின இடத்தில் இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கும். புதிய அடுக்ககம் வேண்டாம், முதல் மாடியில் ஒரு படுக்கையறை கொண்ட பழைய வீடு போதும் என்றால் கட்டுப்படியாகும். சோழிங்கநல்லூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். போய்வருவது ஒன்றும் பெரிய காரியமில்லை. தாம்பரத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதற்குள்ளும் மேடு, பள்ளம் இரண்டும் இருக்கின்றன, முடிச்சூர்ப் பக்கம் போய்விடாதீர்கள்.

கார் நெல் அறுப்பு முடிந்து, அடுத்த போகமான பிசானத்தின் வேலை தொடங்கும் முன் உங்கள் அப்பாவுக்கு இரண்டு நாள் ஓய்வு கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவரை அழைத்து வந்து அந்தத் தெருவில் நிறுத்துங்கள். அவர் வாசலில் நின்று காலி மனையைப் பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளே வாருங்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள்.