செரோக்கி மக்களை எந்தக் கட்டத்தில் போடுவது?

பள்ளிக் கண்காட்சிக்காக உலகப் பழங்குடிகள் பற்றித் தகவல் அட்டைகள் தயாரிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்கக் கண்டங்களுக்கு வந்ததும் குழம்பிவிட்டேன். ஒரு புத்தகம் நிலப்பகுதி வாரியாகப் பிரிக்கிறது, இன்னொன்று மொழிக்குடும்பம் வாரியாக, வேறொன்று நாடு வாரியாக. எதைப் பின்பற்றுவது? செவ்விந்தியர், சூ, எஸ்கிமோ, ஆஸ்டெக் என்ற பெயர்களை அப்படியே எழுதலாமா?"

மூன்றுமே சரியான முறைகள்தான். மூன்றையும் ஒரே மரத்தின் கிளைகளாக வரைய முயன்றால்தான் சிக்கல். செரோக்கி மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜார்ஜியா, டென்னசி, கரோலினா மலைப்பகுதிகள்தான் அவர்களின் பூர்வீக மண் என்பதால், மானிடவியலாளர்கள் அவர்களைத் 'தென்கிழக்கு' பண்பாட்டு வட்டாரத்தில் (ஒத்த வாழ்க்கைமுறை கொண்டவர்களின் நிலப்பகுதியில்) வைக்கிறார்கள். ஆனால் அவர்கள் மொழி இரோகுவாயன் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் உறவு மொழியான மோஹாக் வடக்கே நியூயார்க், கனடாப் பக்கம் பேசப்படுவது. 1830இல் வந்த வெளியேற்றச் சட்டத்தைக் காட்டி 1838-39இல் ராணுவம் அவர்களில் பெரும்பாலோரை மேற்கே விரட்டியது, வழியில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், அதனால்தான் இன்று ஓக்லஹோமாவில் செரோக்கிகள் அதிகம். சட்டப்படி பார்த்தாலோ அமெரிக்க அரசு அங்கீகரித்த செரோக்கி அரசுகள் மூன்று: இரண்டு ஓக்லஹோமாவில், ஒன்று வட கரோலினாவில். ஒரே மக்களுக்கு இத்தனை விடைகள் வரும்போது இவர்களை ஒற்றைக் கட்டத்தில் அடைத்தால் ஏதாவது ஒரு உண்மை வெளியே விழுந்துவிடும்.

ஆகவே அட்டையில் தனித்தனி வரிகள் வையுங்கள்: மக்களின் பெயர், பூர்வீக நிலம், இப்போது வாழும் இடம், மொழியும் அதன் குடும்பமும், சட்ட நிலை. எந்த வரியும் இன்னொன்றுக்குக் கீழ் வராது.

பண்பாட்டு வட்டாரம் என்ற முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருங்காட்சியகப் பொருட்களை அடுக்கி வைக்கப் பெரிதும் உதவியது. வடமேற்குக் கடற்கரையில் சால்மன் மீனும் தேவதாரு மரமும், தென்மேற்கில் மக்காச்சோளம், சமவெளியில் காட்டெருமை என்று வாழ்க்கைமுறையை விளக்க அது நல்ல வழி, குழந்தைகளுக்குச் சட்டென்று புரியும். ஆனால் அது காலத்தை உறைய வைத்துவிடுகிறது. சமவெளி என்றதும் நம் கண்ணில் வரும் குதிரை வீரர்கள், ஸ்பானியர்கள் குதிரைகளைக் கொண்டுவந்த பிறகு உருவானவர்கள். அவர்களில் செயென் மக்கள் அதற்கு முன் மினசோட்டாப் பக்கம் ஊர் கட்டிப் பயிர் செய்தவர்கள்.

மொழியும் தனியாக நின்று முடிவு சொல்லாது. ஹோப்பி, சூனி இருவரும் புவெப்லோ பண்பாட்டினர், அடுக்கு வீடுகளில் வாழ்ந்த விவசாயிகள், ஆனால் ஹோப்பி மொழி மெக்சிகோவின் நவாட்டில் மொழிக்கு உறவு, சூனிக்கோ உறவு மொழியே இல்லை. பராகுவேயில் குவாரானி மொழி பேசும் பெரும்பாலோர் தங்களைப் பூர்வகுடியாகச் சொல்லிக்கொள்வதில்லை. அப்புறம், அமெரிக்கப் பூர்வகுடி மொழிகள் எல்லாவற்றையும் மூன்றே குடும்பங்களில் அடக்கி, மிகப் பெரியதற்கு 'அமெரிண்டு' என்று பெயரிட்ட படம் இணையத்தில் நிறையக் கிடைக்கும். 1987இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் முன்வைத்த கருத்து அது. இத்துறையின் மொழியியலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, நீங்களும் எடுக்க வேண்டாம்.

நாட்டு வாரிப் பிரிவு சட்டத்தைச் சொல்லும், அவ்வளவுதான். கனடாவின் 1982 அரசியலமைப்புச் சட்டம் இந்தியர், இனுயிட் (வடதுருவப் பக்கத்து மக்கள்), மேட்டி (பூர்வகுடி, ஐரோப்பியர் கலப்பில் உருவான மக்கள்) என மூன்று பிரிவுகளைச் சொல்கிறது; முதல் பிரிவினர் இன்று தங்களை ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் என்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டில் அங்கீகாரம் பெற்ற பழங்குடி அரசுகள் 570க்கும் மேல். மெக்சிகோவின் அதிகாரபூர்வப் பட்டியலில் 68 பூர்வகுடி மொழிகள், 364 வட்டார வடிவங்கள்.

இனி பெயர்கள். 'செவ்விந்தியர்' வேண்டவே வேண்டாம், தோல் நிறத்தை வைத்து வெளியார் ஒட்டிய பெயர் அது. பொதுவாகச் சொல்ல 'அமெரிக்கப் பூர்வகுடிகள்' போதும், ஆனால் முடிந்த இடத்திலெல்லாம் குறிப்பிட்ட மக்களின் பெயரையே எழுதுங்கள். அமெரிக்காவில் பூர்வகுடிகளே 'அமெரிக்கன் இந்தியன்' என்பதைத் தங்கள் அமைப்புகளுக்கு வைத்திருக்கிறார்கள், 1944இல் தொடங்கிய அமெரிக்க இந்தியர்களின் தேசியக் காங்கிரஸ் ஓர் உதாரணம், எனவே அமைப்பின் பெயரைத் திருத்தாதீர்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலோ 'இந்தியோ' என்பது பெரும்பாலும் வசை. போர்த்துகீசியம் பேசும் பிரேசிலும் தன் பூர்வகுடி நல அமைப்பின் பெயரிலிருந்து அதே சொல்லின் போர்த்துகீசிய வடிவத்தை 2023இல் நீக்கியது.

'சூ' என்பது அண்டை மக்களான ஒஜிப்வேக்களின் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் வெட்டிச் சுருக்கியது. லக்கோட்டா, டக்கோட்டா என்று எழுதுங்கள், ஆனால் 'ரோஸ்பட் சூ ட்ரைப்' போன்ற சட்டப் பெயர்களைத் தொடாதீர்கள். நவஹோ மக்கள் தங்களை டினே என்கிறார்கள், அவர்கள் அரசின் பெயர் இன்றும் நவஹோ நேஷன், இரண்டையும் போடலாம். பழைய வரைபடங்களில் வரும் 'பாப்பாகோ' 1986இலேயே தொஹோனோ ஓஓதம் ஆகிவிட்டது. எஸ்கிமோவை விட்டுவிட்டு எல்லோரையும் இனுயிட் என்று எழுதுவதும் தவறு, அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் இனுயிட் இல்லை.

ஆஸ்டெக், இன்கா விஷயத்தில் அரசையும் மக்களையும் பிரியுங்கள். ஆஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான் நகரத்தவர் தங்களை மெஷீக்கா என்றார்கள் (எழுத்தில் எக்ஸ் இருந்தாலும் ஒலி 'ஷ' தான்), அவர்கள் பேசிய நவாட்டிலை மெக்சிகோவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் பேசுகிறார்கள். இன்கா முதலில் அரசனுக்கும் அரச குலத்துக்கும் உரிய பட்டம், கெச்சுவா பேசும் மக்கள் ஆண்டிஸ் மலைகளில் பல லட்சம் பேர். மாயர்களும் குவாத்தமாலாவிலும் தெற்கு மெக்சிகோவிலும் கிச்சே, மாம், யுக்காட்டெக் என்று பல மொழிகள் பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். 'மாயர்கள் வாழ்ந்தார்கள்' என்று அட்டையில் இருந்தால் அந்த வினைமுற்றை மாற்றுங்கள், எனக்கு இதுதான் மிக முக்கியமான திருத்தம்.

பழைய பெயர்களை முற்றிலும் தூக்கிவிடவும் வேண்டாம். மாணவர்கள் சினிமாவில் கேட்ட பெயரைத்தான் தேடிக்கொண்டு வருவார்கள், அதனால் 'சூ: லக்கோட்டா, டக்கோட்டா அட்டைகளைப் பார்க்க' என்று சிறு துண்டு அட்டைகளை அகர வரிசையில் செருகி வையுங்கள்.