கேள்வி பதில்: 1984 டியூன் ஏன் ஊத்திக்கிச்சு?

கேள்வி: சார், டெனி வில்னோவோட டியூன் ரெண்டு பாகமும் பாத்துட்டேன். 1984-லயே டேவிட் லிஞ்ச் இதை எடுத்து ஃப்ளாப் ஆச்சாமே, அவ்ளோ பெரிய கதைய ஒரே படத்துல அடைச்சதுதான் தப்பா?

பதில்: அது பாதிக் காரணம்தாங்க. 1965-ல வந்த ஃபிராங்க் ஹெர்பர்ட் நாவலை 137 நிமிஷத்துல முடிக்கணும்னா என்ன ஆகும், ஆரம்பத்துலயே இளவரசி இருலான் முகம் மட்டும் வந்து கிரகம், ஸ்பைஸ் (அந்தக் கிரகத்துல மட்டும் கிடைக்கிற அபூர்வப் பொருள்) அப்படின்னு பாடம் எடுப்பாங்க, அப்புறம் ஆளாளுக்கு மனசுக்குள்ள நினைக்கிறதெல்லாம் வாய்ஸ் ஓவர்ல ஓடிட்டே இருக்கும், அதுவும் பத்தாதுன்னு அமெரிக்காவுல சில தியேட்டர்ல படம் பாக்க வந்தவங்க கையில அருஞ்சொற்பொருள் தாள் குடுத்திருக்காங்க! செலவு சுமார் 4 கோடி டாலர், அமெரிக்க வசூல் அதைத் தொடவே இல்ல. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரே ஒரு ஸ்டார்தான் போட்டார்.

ஆனா நேரத்தை விட பெரிய தப்பு கிளைமாக்ஸ்ல இருக்கு. ஹீரோ பால் ஜெயிச்ச உடனே அர்ராக்கிஸ்ங்கற அந்தப் பாலைவனக் கிரகத்துல மழை கொட்டும். நாவல் படிச்ச யாராலயும் இதை ஏத்துக்க முடியாது, ஏன்னா ஸ்பைஸ் உருவாகக் காரணமான ராட்சச மணல்புழுவுக்குத் தண்ணி விஷம், புழு செத்தா ஸ்பைஸ் கிடையாது, ஸ்பைஸை அழிச்சுடுவேன்னு மிரட்டித்தானே பால் பேரரசரையே மடக்குறார். அந்தப் பாலைவனத்துலயே வாழுற ஃப்ரெமன் மக்கள் சொட்டுச் சொட்டா தண்ணி சேத்து, பேரன் பேத்தி காலத்துலயாவது பச்சை வராதான்னு காத்திருக்காங்க, அந்தப் பொறுமைய ஒரே சீன்ல தூக்கிப் போட்டுட்டாங்க. அதோட, தன் பேரால நடக்கப் போற புனிதப் போரை முன்னாடியே பாத்து நடுங்குற பையன்தான் ஹெர்பர்ட்டோட பால். மீட்பர்னு ஒருத்தர் பின்னாடி கண்ண மூடிட்டுப் போகாதீங்கன்னு அவர் எழுதினார், படம் அந்தப் பையனை நிஜமாவே மழை வரவழைக்கிற சாமி ஆக்கிடுச்சு. வில்னோவோட ரெண்டாம் பாகத்துல எல்லாரும் பால் முன்னாடி மண்டி போடும்போது அவனோட காதலி சானி மட்டும் வெளிய போறா பாருங்க, ஹெர்பர்ட் சொல்ல வந்தது அங்கதான் இருக்கு.

கேள்வி: டிவில வந்த நீளமான வெர்ஷன்தான் லிஞ்சோட ஒரிஜினலா?

பதில்: இல்லவே இல்ல. அவர் இல்லாம ஒட்டினது அது. பேரை எடுக்கச் சொல்லிட்டார், டைரக்டர் இடத்துல ஆலன் ஸ்மிதீன்னு புனைபேர்தான் வரும். தியேட்டர் படத்துலயும் ஃபைனல் கட், அதாவது எடிட்டிங்ல கடைசி முடிவு, அவர் கையில இல்ல, 2025 ஜனவரில இறக்குற வரைக்கும் தன்னோட கட்னு ஒண்ணு அவர் விடவே இல்ல.

கேள்வி: அப்போ பாக்கவே வேணாமா?

பதில்: பாருங்க, கண்டிப்பா பாருங்க. மெக்சிகோ சுருபுஸ்கோ ஸ்டூடியோல போட்ட செட்டு, அந்தத் தங்க நிற தர்பார், பெரிய தொட்டிக்குள்ள மிதந்துட்டு வர்ற கில்டு நேவிகேட்டர் (விண்கப்பலுக்கு வழி காட்டுற விசித்திர ஜீவன்), இதெல்லாம் இன்னிக்கும் மிரள வைக்கும். நாவலை முடிச்சுட்டு அப்புறமா பாருங்க, அவ்ளோதான்.